கொயோட்டி வந்த காட்டில் என்ன மாறுகிறது: கண்காணிக்கும் முறை

1900 வாக்கில் பெரும்பாலும் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இருந்த கொயோட்டி (ஓநாயைவிடச் சிறிய, நாய்க் குடும்பத்து வேட்டை விலங்கு), ஓநாய்கள் ஒழிக்கப்பட்டதும் கிழக்கே அட்லாண்டிக் கரைவரை பரவியது. அது நுழைந்த இடத்தில் முதலில் கவனிக்க வேண்டியது செந்நரியையும் பூனையையும். கொயோட்டிக்கு அஞ்சி இவை ஒதுங்கினால், இவற்றுக்கு இரையாகும் சிறு பறவைகளுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

தானியங்கி கேமராவைப் பாதையோர மரத்தில் 40–50 செ.மீ. உயரத்தில், வடக்கு நோக்கிக் கட்டுங்கள். நேர்வெயில் படத்தைக் கெடுக்கும். முன்னாலுள்ள புல்லை வெட்டுங்கள். இல்லையேல் காற்றில் அது ஆடுவதையே படமெடுத்து மெமரி கார்டு நிரம்பிவிடும். இரை வைக்காதீர்கள், கணக்கு குலையும். 30 நிமிடத்துக்குள் பதிவாகும் ஒரே இனத்தின் படங்களை ஒரு வருகையாக எண்ணுங்கள். கொயோட்டி இன்னும் வராத இடத்திலும் அதே எண்ணிக்கையில் கேமரா வேண்டும். இந்த ஒப்பீடு இல்லாமல் கொயோட்டிமேல் பழி போடுவது தவறு. சொறிநோயாலும் நரி குறையும்.

கொயோட்டியின் எச்சத்தை (மலத்தை) சேகரிக்கக் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். அதில் எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் முட்டை இருக்கலாம். வீட்டு ஃப்ரீசரின் குளிர் அதைக் கொல்லாது. மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் சில நாள் வைக்க வேண்டும். எச்சத்தில் மான்மயிர் கிடைத்ததும் 'வேட்டையாடியது' என்று எழுதிவிடாதீர்கள். செத்துக் கிடக்கும் மானையும் கொயோட்டி தின்னும்.