பெரியப்பாவின் கூத்துப் பழக்கக் கசெற்றுகளைப் பாட்டு அல்பமாக்கும் முறை

எங்கள் பெரியப்பா மட்டக்களப்பு ஆரையம்பதியில் வடமோடி என்ற வகைக் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார். அவர் காலமான பிறகு அலுமாரியின் அடித்தட்டில், ஒரு பிஸ்கட் பேணிக்குள் 11 கசெற்றுகள் கிடந்தன. எல்லாம் 1983, 84இல் கூத்துப் பழகிய இரவுகளில் பதிந்தவை. அப்போது அவர் அண்ணாவியார் அல்ல. பிற்பாட்டுப் பாடிக்கொண்டு நின்ற இளந்தாரி. பாட்டு நடுவில் நிற்கும், யாரோ ஏச்சு வாங்குவார், திரும்பத் தொடங்கும். இதை யார் கேட்கப்போகிறார்கள் என்று பேணியை மூடிவிட்டேன்.

திரும்பத் திறக்க வைத்தவர் அரீத்தா பிராங்ளின். சோல் இசையின் ராணி என்று சொல்வார்களே, அந்த அமெரிக்கப் பாடகிதான். அதுவரை வெளிவராத அவருடைய பதிவுகளைத் தொகுத்து 2007இல் இரண்டு சிடியாக விட்டார்கள். 1966இல் பியானோவில் இருந்து தானே பாடிப் பார்த்த மாதிரிப் பதிவுகளைத்தான் அதில் முதலில் வைத்திருக்கிறார்கள். அவருடைய குரல்தான் முன்னுக்கு நிற்கிறது. அவரும் தகப்பனாரின் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். 14 வயதில் அங்கேயே பதிவு செய்யப்பட்டவர். மாதிரிப் பதிவு என்றால் என்ன? நம்முடைய கூத்துப் பழக்கம்தானே!

சரி, வேலைக்கு வருவோம். கசெற்றை எடுத்தவுடன் ஓடவிடாதீர்கள். வாவிக்காற்றுக்கு ரேப்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். ஓடவிட்டால் அது மெசினுக்கும், மெசினில் இருந்து அடுத்த கசெற்றுக்கும் போகும். வெயிலிலும் வைக்கக் கூடாது. சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, இறுக்கமான பேணியில் இரண்டு மூன்று கிழமை விடுங்கள். மேல்விளிம்பில் உள்ள இரண்டு சின்னத் தட்டுகளையும் உடைத்துவிடுங்கள், தவறி மேலே பதிய முடியாது. ரேப்புக்குப் பின்னால் இருக்கும் பஞ்சுத்துண்டு விழுந்திருந்தால் சத்தம் மங்கும். திருகாணி பூட்டிய பழைய கசெற் ஒன்றைக் கழற்றி, ரேப்பை அதற்குள் மாற்றலாம்.

மெசினில் ரேப் உரசிச் செல்லும் தலையை ஐசோபுரொப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். தலையைப் பிடித்திருக்கும் திருகாணிகளில் சுருள்கம்பி உள்ளதை மட்டும், இம்மி இம்மியாகத் திருப்பிப் பாருங்கள். சல்லரி என்ற கைத்தாளத்தின் சத்தம் திடீரென்று தெளியும் ஒரு இடம் இருக்கும். ஒவ்வொரு கசெற்றுக்கும் அந்த இடம் வேறு.

கணினியில் பதிய ஓடாசிற்றி என்ற மென்பொருள் போதும், இலவசம். 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ், வேவ் கோப்பு. ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி இடம் பிடிக்கும், பிடிக்கட்டும். நான் முதலில் ஒரு கசெற்றை வெளியில் கொடுத்து எம்பி3யாக வாங்கினேன். தகரத்துக்குள் இருந்து பாடுவதுபோல வந்தது. அதன் பிறகுதான் நானே இறங்கினேன்.

இனித்தான் பெரிய தலையிடி. அந்தப் பதிவுகள் பற்றறியில் செய்தவை. பற்றறி இறங்க இறங்க மோட்டர் மெதுவாகச் சுற்றியிருக்கும். அதை இப்போது சரியான வேகத்தில் போட்டால் பாட்டு போகப் போக வேகமாகும், குரலும் கீச்சென்று ஏறும். ஒரு அரைச்சுரம் ஏறியிருந்தால் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடியிருக்கிறது. எதை வைத்து அளப்பது? கூத்தில் ஆர்மோனியம் இல்லை. மத்தளமோ இரவுப் பனிக்கு இளகும். எனக்குக் கைகொடுத்தது சல்லரி. அதே சோடி இன்னும் பெரியம்மா வீட்டில் இருக்கிறது. அதைத் தட்டிப் பதிந்து, கசெற்றில் உள்ள ஓசையோடு ஒப்பிட்டு, துண்டு துண்டாக வேகத்தைக் குறைத்தேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் போனது.

இரைச்சலை நீக்கும்போது கை குறுக வேண்டும். நான் ஆசையில் கூட நீக்கி, சல்லரியையும் மூச்சையும் சேர்த்துத் தின்னக் கொடுத்தேன். மூலக்கோப்பைத் தொடாமல் வைத்திருந்தபடியால் தப்பினேன். நாய் குரைப்பு, இருமல், “விளங்குதா மனே?” எல்லாம் இருக்கட்டும்.

பாட்டுகளை அடுக்கும்போது நல்லதை முன்னுக்கு வைக்காமல் பழையதை முன்னுக்கு வைத்தேன். ஒரே விருத்தத்தை மூன்று இரவுகளில் பாடியிருந்தார். மூன்றையும் அடுத்தடுத்துச் சேர்த்தேன். முதலாவதில் மூச்சு முட்டி நடுவில் விடுகிறார், மூன்றாவதில் அதே இடத்தில் ஊருக்கே கேட்கிற மாதிரி இழுக்கிறார். நல்லதை மட்டும் தேர்ந்திருந்தால் இது கேட்டிருக்காது. ஒரு சிடியில் 80 நிமிடம்தான் கொள்ளும் என்பதால் 11 கசெற்றில் 14 துண்டுகள் மிஞ்சின.

அனுமதி கேட்க மறக்காதீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடியவருக்கும் உரிமை கொடுக்கிறது. பெரியம்மாவிடமும், உயிரோடு இருக்கும் மற்றக் கூத்தர்களிடமும் போய்க் கேட்டேன். சட்டத்தை விடுங்கள், கேட்காமல் செய்தால் அடுத்த கூத்துக் களரியில் எப்படி முகம் காட்டுவது?

உள்தாளில் யார் யார் என்று எழுதும்போது சல்லரிக்காரர் பெயர் எவருக்கும் நினைவில்லை. ஊகித்து எழுதாமல், சல்லரி என்று போட்டு ஒரு கோடு விட்டேன். சிடி கொடுத்த மூன்றாம் நாள் ஒரு பெடியன் சைக்கிளில் வந்து படலையில் நின்றான்.

“அது எங்கட அப்பப்பாட கை.”

பேனையை எடுத்து அவனிடமே கொடுத்தேன்.