சோடியாகப் பாடப் போறீங்களா? முதலில் கட்டையைப் பாருங்கள்

பாடகர் குழாத்துக்கு நிதி சேர்க்கும் கலைமாலையில் கணவனும் மனைவியும் சேர்ந்து பாடினால் சனம் ஆவலாய்க் கேட்கும். அந்தப் பாட்டு கெடுவது பெரும்பாலும் சுருதியில்தான். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற எண்ணால் சொல்வோம்: ஆண் குரலுக்கு 1, 2 கட்டை சுகம். பெண் குரலுக்கு 5, 6. ஒரே கட்டையில் பாடும்போது யாரோ ஒருவர் இழுபடுவார்.

பாட்டைத் தெரிவு செய்ததும், மனைவி தன் பகுதியில் ஆக உச்சத்தில் வரும் அடியை மூன்று தரம் தொடர்ந்து பாடட்டும். நாடி (மோவாய்) மேலே எழும்பினால் கீபோட்டில் அரைக் கட்டை இறக்குங்கள். பிறகு கணவனின் ஆகக் கீழான அடி. சொல் வெறும் காற்றாய்ப் போனால் அரைக் கட்டை ஏற்றுங்கள். உச்சத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும்: மேடையில் தொண்டை இறுகும், வீட்டில் எட்டிய சுரம் அங்கே எட்டாது. இரண்டு பேருக்கும் ஒத்தே வராவிட்டால் வேறு பாட்டுத்தான். கெட்டிக்காரக் கீபோட் வாசிப்பாளர் இருந்தால் இடையிசையில் கட்டையை மாற்றி, கணவன் 1-இலும் மனைவி 5-இலும் பாடலாம். கரோக்கே என்றால் ஒரு கட்டைக்கு மேல் மாற்றாதீர்கள். மேளமும் வயலினும் இயல்பு கெட்டு ஒலிக்கும்.

முடிவான ட்ரான்ஸ்போஸ் (கட்டையை ஏற்றி இறக்கும்) எண்ணை ஒரு துண்டில் எழுதிக் கீபோட்டில் ஒட்டுங்கள். கறன்ட் போய் வந்தால் பல கீபோட்டுகளில் அது 0-க்குத் திரும்பிவிடும். பிழையான கட்டையில் தொடங்கியது முதல் அடியிலேயே தெரியும். நிறுத்த வெட்கப்பட்டு அப்படியே இழுத்து முடிப்பவர்கள்தான் அதிகம். நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள், ஒருவரும் குறை நினைக்கமாட்டார்கள்.

ஒத்திகையில் ஒருவர் பிழையை மற்றவர் திருத்த வேண்டாம், அது குசினி வரைக்கும் வரும். அந்த வேலையைக் குழாத்தை நடத்துபவரிடம் விடுங்கள்.

மைக் ஆளுக்கொன்று. வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரத்தில், சற்றுச் சரித்துப் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் 'ப' வரும் இடமெல்லாம் 'புப்' என்று அடிக்கும். வலைத் தலையைக் கையால் பொத்தினாலும், ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றாலும் 'கூ' என்று ஊளையிடும். சோடிகள் வழக்கமாய் விடும் பிழை வேறு: ஒருவரை ஒருவர் பார்க்கத் திரும்பும்போது மைக் பழைய இடத்திலேயே நிற்கும், குரல் பாதியாய்க் குறையும். முகத்தோடு மைக்கும் திரும்ப வேண்டும். காற்றாடி நேரே மைக்கில் அடிக்காத இடமாய் நில்லுங்கள்.

மட்டக்களப்பில் மார்கழி நிகழ்ச்சி என்றால் மழையையும் கணக்கில் எடுங்கள். தகரக் கூரையில் அடிக்கத் தொடங்கினால் கத்தாதீர்கள், சுருதி ஏறிவிடும். சவுண்ட்காரருக்குக் கை காட்டுங்கள், அவர் கூட்டுவார்.

நாலு நிமிடம் போதும். மூன்றாவது சரணத்தை வெட்டுங்கள். காசு எதற்கு, எவ்வளவு தேவை என்பதைப் பாட்டுக்கு முன்னால் சொல்லாமல் கைதட்டல் அடங்கியதும் இரண்டே வசனத்தில் சொல்லுங்கள். காசுப் பெட்டியைப் பின்வரிசையிலிருந்து தொடங்குங்கள். முதலில் எழும்பிப் போவது அவர்கள்தான்.