இன்டரப்ட் மோதல்: பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

'என்னைக் கவனி' என்று சாதனம் ப்ராசஸரைக் கூப்பிடும் அழைப்புதான் இன்டரப்ட்; அதற்கான எண்தான் ஐஆர்க்யூ. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் 'ரிசோர்சஸ் பை டைப்' என்று மாற்றிப் பார்த்தால் பலருக்கும் பகீரென்கிறது. 16-ஆம் எண்ணில் மூன்று சாதனங்கள் உட்கார்ந்திருக்கின்றன, அப்போது இது மோதல்தானே? இல்லை. ஒரே இன்டரப்ட் கம்பியைப் பங்குபோட்டுக்கொள்ளும்படியே பிசிஐ (மதர்போர்டில் கார்டு செருகும் முறை) சாதனங்கள் வடிவமைக்கப்பட்டன. மைனஸ் எண்கள் தெரிந்தாலும் பயம் வேண்டாம். அது எம்எஸ்ஐ முறை. தனிக் கம்பியே கிடையாது. சாதனம் குறிப்பிட்ட முகவரியில் ஒரு மதிப்பை எழுதி ப்ராசஸரைக் கூப்பிடும். நிஜமாகவே இடம் கிடைக்காத சாதனத்தில் மஞ்சள் முக்கோணமும் 'கோட் 12'-உம் வந்து நிற்கும். அது இல்லாமல் எண்களைத் துரத்துவது வீண் வேலை.

இந்தப் பயம் பிசிஐக்கு முந்தைய ஐஎஸ்ஏ கார்டுகள் காலத்து மிச்சம். அன்று மொத்தம் 16 எண்கள்தான். காம் 1, காம் 3 என்ற சீரியல் போர்ட்கள் இரண்டுக்கும் 4-ஆம் எண்தான் வழக்கம். மவுஸ் ஒன்றில், மோடம் இன்னொன்றில் இருந்தால், டயல் செய்ததும் மவுஸ் உறைந்துவிடும். கார்டில் எண்ணைத் தீர்மானிக்கும் ஜம்பர் என்ற குட்டிச் செருகியைப் பிடுங்கி மாற்றிச் செருகினால் சரியாகும். இன்றைய கணினிக்கு அந்த வைத்தியம் பலிக்காது.

லினக்ஸில் ஏமாற்றம் வேறு விதம். என் பழைய டெஸ்க்டாப்பில் யூஎஸ்பி மவுஸ் திடீரென்று விட்டுவிட்டு நகர ஆரம்பித்தது. மவுஸை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், பலனில்லை. அப்புறம்தான் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதும் செய்திப் பதிவை, அதாவது டிமெஸ்ஜியைப் பார்த்தேன்: 'ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்' (யாரும் கண்டுகொள்ளவில்லை). அதன் கீழே 'ஹேண்ட்லர்ஸ்' என்ற தலைப்பில் யூஎஸ்பி டிரைவரின் பெயர். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். எல்லோரும் வழுக்கி விழும் இடம் இதுதான்.

அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் குற்றவாளிகள் அல்ல, விசாரிக்கப்பட்டவர்கள். கம்பியில் அழைப்பு வந்ததும், அதில் பதிவு செய்த டிரைவர்களைக் கெர்னல் வரிசையாகக் கேட்கும்: உன்னுடையதா? எல்லோரும் இல்லை என்றால் அழைத்த சாதனத்தை அமைதிப்படுத்த ஆளில்லை; கம்பி ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். 1,00,000 அழைப்புகளில் 99,900-க்கு மேல் இப்படி அநாதையாகப் போனால் கெர்னல் அந்தக் கம்பியையே மூடிவிடும். அதன்பின் நொடிக்குப் பத்து முறை போல எட்டிப் பார்ப்பதோடு சரி. மவுஸ் தத்தித் தத்திப் போனது அதனால்தான். பெரும்பாலும் உண்மையான ஆள் பட்டியலில் இருக்கவே மாட்டான், டிரைவர் ஏற்றப்படாத ஏதோ ஒரு கார்டு. சில சமயம் தன் அழைப்பையே அடையாளம் தெரியாத டிரைவராகவும் இருக்கலாம். என் கணினியில் அது எப்போதோ செருகி மறந்துபோன ஒரு பழைய பிசிஐ கார்டு. கழற்றியதும் லாக் அடங்கியது.

லாக்கே 'ஐஆர்க்யூபோல்' என்ற பூட் ஆப்ஷனைப் போட்டுப் பார் என்று சொல்லும். போடுங்கள், ஆனால் கண்டுபிடிக்கும் வரைக்கும் மட்டும். அது ஒவ்வொரு டைமர் துடிப்பிலும் எல்லா டிரைவரையும் தட்டி எழுப்பும் ஏற்பாடு. நிரந்தரமாக விட்டால் கணினி மந்தமாகும். 'ஏசிபிஐ=ஆஃப்' என்ற ஆப்ஷன் அதைவிட மோசம், மின் மேலாண்மை மொத்தமாகப் போய்விடும். பயாஸ் (மதர்போர்டின் சொந்த மென்பொருள்) அப்டேட் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், கம்பிகளின் வரைபடத்தைக் கெர்னலுக்குச் சொல்வது பயாஸ்தான்.

ரீபூட் செய்ததும் மவுஸ் சரியாகிவிடும், அதை நம்பிவிடாதீர்கள். மூடிய கம்பி திறந்திருக்கிறது, எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மவுஸைத் தொடாமல் ப்ராக் (/proc) அடைவின் 'இன்டரப்ட்ஸ்' கோப்பைப் பத்து நொடி இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். 16-ஆம் வரி ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தால் கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கலாம்.