லூப்பை நிறுத்தத் தெரியாமல் நான் பட்ட பாடு

சென்ற மாதம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் ஒத்திகை அறையில் மூன்று இளைஞர்கள் ஜாஸையும் சூழலில் மெல்லப் பரவும் ஆம்பியண்ட் ஒலியையும் மின்னணு இசையையும் கலந்து, முன்கூட்டி எதையும் எழுதி வைக்காமல் வாசித்துக் கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்துக்குள் என் பழைய தவறுகளில் பாதியைக் கேட்டுவிட்டேன். ஒயரை வீட்டில் மறந்துவிட்டு வருவது போன்றவற்றை ஒருமுறை பட்டாலே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

லூப்பைச் சுருதிப்பெட்டியாக நினைப்பது

வாசித்த ஒரு துண்டைப் பதிந்து, நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப ஒலிக்க விடுவதுதான் லூப்; அதற்கான கருவி லூப்பர். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்குப் பின்னணியில் ஒன்று ஓயாமல் ஒலிப்பது இயல்பாகவே படுகிறது. ஆனால் சுருதிப்பெட்டி தருவது சட்ஜமும் பஞ்சமமும்தான். காந்தாரத்தை அது பாடுபவரிடமே விட்டுவிடுவதால் அந்தர காந்தாரம் வரும் சங்கராபரணம், அதைவிடத் தாழ்ந்த சாதாரண காந்தாரம் வரும் கரகரப்பிரியா ஆகிய இரண்டு ராகங்களுக்கும் அதே பெட்டி போதும். சிந்தசைசர் என்னும் மின்னணுக் கருவியில் அந்தர காந்தாரம் உட்பட நான்கு சுரங்களைச் சேர்த்து அழுத்தி லூப்பரில் பதிந்துவிட்டாலோ, அந்தக் காந்தாரம் அங்கே நிரந்தரமாகக் குடியேறிவிடுகிறது. அதன்பின் பேஸ் வாசிப்பவர் சாதாரண காந்தாரத்துக்குத் திரும்பினால், பிழை அவருடையது போலக் கேட்கும்.

தாளத்தில் இது இன்னும் மோசம். பல ஆண்டுகளுக்கு முன் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில், சிந்தசைசரில் நானும் பேஸ், டிரம்ஸ் வாசிக்கும் இருவருமாக மூவரும் இரண்டு மாதம் சேர்த்த பணத்தில் ஒலிப்பதிவாளரை அமர்த்தி வாசித்தோம். தொடங்கிய இரண்டாம் நிமிடமே, நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் 16 தட்டுகளை, அதாவது சுமார் 10.7 விநாடிகளை, லூப்பரில் பதிந்து சுழல விட்டேன். டிரம்ஸ்காரருக்குக் கை சூடேறி வேகம் 93ஐ எட்டியபோது அவருடைய 16 தட்டுகள் 10.3 விநாடியில் முடிந்தன. ஒரே சுற்றில் அரைத் தட்டுக்கு மேல் விலகல். என் லூப் அவருக்காக நகராது என்பதால் அவர்தான் பின்வாங்கினார். நாற்பது நிமிடமும் பின்வாங்கியபடியே வாசித்தார். நிறுத்தும் மிதி என் காலடியிலேயே இருந்ததை நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது.

நள்ளிரவில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் பேஸ்காரத் தம்பி சொன்னார்: “அண்ணே, இன்னிக்கு நாலு பேரு வாசிச்சோம். அந்த நாலாவது ஆளுக்கு மட்டும் காது இல்ல.”

பதிவான ஒலிகளைக் கலந்து சீராக்கும்போது, லூப் என்ற அந்த நாலாவது ஆளை வெளியேற்றவும் முடியவில்லை. லூப்பும் என் விரல்கள் வாசித்ததும் ஒரே ஒயர் வழியாகப் பதிவாகியிருந்தன. பணம் போயிற்று, பதிவை யாருக்கும் போட்டுக் காட்டவில்லை.

இதைச் சொன்னால், சிட்னியில் 1987இல் தொடங்கிய தி நெக்ஸ் குழு ஒரே இழையை ஏறத்தாழ ஒரு மணி நேரம் வாசிப்பதைக் காட்டி இளைஞர்கள் என்னோடு வாதிடுகிறார்கள். அங்கே பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றும் தமக்குள் கேட்டுக் கேட்டுத்தான் நகர்கின்றன. திரும்பத் திரும்ப வருவதைக் கை புதிதாக வாசிக்கும்போது, அது கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற முடிகிறது. என் லூப்பால் அது முடியவில்லை.

இப்போது தட்டு தெரிகிற எதையும் நான் லூப்பில் பதிவதில்லை. மழைச் சத்தம், காற்று போன்ற இரைச்சல், மெல்ல எழுந்து அடங்கும் ஒற்றைச் சுரம் ஆகியவை நழுவினாலும் எவரையும் இழுப்பதில்லை. லூப்பருக்கு மிக்சரில் தனி வழி கொடுத்து, அதன் ஒலியளவைக் கால்மிதியில் வைத்திருக்கிறேன்.

கீழ்ச்சுரங்களில் இடிபடுவது

டபுள் பேஸின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. சிந்தசைசரும் அங்கே இறங்கினால் இரண்டும் கலங்கிப் போகும். பேஸ் வாசிக்கும்போது நான் என் ஒலியில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுகிறேன்.

ரிவெர்ப்

எதிரொலி போல ஒலியை நீட்டும் ரிவெர்பைக் கூடத்துச் சுவர்களே போதிய அளவு தரும்.

கணினித் திரை

அதைப் பார்க்காமல் டிரம்ஸ்காரரின் தோளைப் பாருங்கள்.

முடிப்பது

கைகள் ஓய்ந்த பிறகும் லூப் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தால், எப்போது கைதட்டுவது என்று கேட்பவர்கள் விழிப்பார்கள். லூப்பை முதலில் இறக்குங்கள். கடைசி ஒலி டிரம்ஸ்காரரின் சிம்பலுடையதாக இருக்கட்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் இளைஞரிடம் இதைச் செய்து காட்டச் சொன்னபோது, எந்த மிதி என்று அவர் குனிந்து தேடினார்.