ஆடாமல் வந்து நின்ற அச்சு
பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் எங்கள் ஷெட் கிரேனை ஓட்டுவது தர்மபுரி அண்ணன். கொக்கியைத் தாங்கி மேலே ஓடும் டிராலி நின்றாலும் கொக்கியில் தொங்கும் இரும்பு அச்சு ஊசலாடும். அதை அடக்க பட்டனைத் தட்டித் தட்டியே அவர் கட்டைவிரல் காய்த்துப்போயிருந்தது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

எடைதான் காரணம் என்று நினைத்தேன். இல்லை, தொங்கும் நீளம்தான் கணக்கு. எங்களுக்கு வழக்கமாக 4 மீட்டர். போய்த் திரும்பும் பத்து ஆட்டத்துக்கு 40 விநாடி, அதாவது ஒரு ஆட்டத்துக்கு 4. அப்புறம் டிராலி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவில் வேகம் ஏறும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் 2 விநாடியிலிருந்து 4 ஆக்கினேன். ஒரு முழு ஆட்ட நேரம் சீராக வேகம் கூட்டினால், முடிவில் சுமை நேராகத் தொங்கும். நீளம் மாறினால் கொஞ்சம் ஆடும்.

பட்டனை விட்டபின் டிராலி முன்பைவிட இரு மடங்கு தூரம் ஓடும். அதை அண்ணனிடம் முதலிலேயே சொல்லி, வெறும் கொக்கியோடு பழகவிட்டேன். மாலையில் அச்சு மேசைக்கு மேல் அசையாமல் நின்றது. "இனி கை வலிக்காது தம்பி" என்றார்.