நைட்ரோ கோல்டு ப்ரூ: ஆற்றாமலே நுரைக்கும் காபி

குளிர்ந்த நீரில் ஊறவைத்து எடுக்கும் காபி கோல்டு ப்ரூ, அதில் நைட்ரஜன் ஏற்றினால் நைட்ரோ காபி. அதைக் கண்ணாடி கிளாஸில் ஊற்றியதும் கொஞ்சம் பார்த்துக்கொண்டே இருங்கள். நுரை மேலே ஏறாமல் கீழே இறங்குவதுபோலத் தெரியும். கண் ஏமாறவில்லை. நடுவில் குமிழிகள் மேலே போகின்றன, ஓரத்தில் காபி கீழே வழிகிறது, அது பொடிக் குமிழிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. நாம் டபராவில் ஆற்றி வரவைக்கிற நுரையை இங்கே நைட்ரஜன் கொண்டுவருகிறது.

இந்த யுக்தி முதலில் வந்தது பீருக்கு. கின்னஸ் நிறுவனத்தில் மைக்கேல் ஆஷ் என்ற கணிதக்காரர் தலைமையில் உருவாகி, 1959-இல் வெளிவந்தது. காபிக்கு வர அரை நூற்றாண்டு ஆனது.

வீட்டில் செய்ய பீப்பாயும் பெரிய சிலிண்டரும் வேண்டாம். கேக் கடைக்காரர்கள் க்ரீம் அடிக்க வைத்திருக்கும் அரை லிட்டர் விப்பிங் சைஃபன் போதும். தலைப்பகுதியும் உலோகமாக இருப்பதையே வாங்குங்கள். பிளாஸ்டிக் தலை வைத்த சைஃபன்கள் வெடித்து பிரான்ஸில் பலர் காயப்பட்டிருக்கிறார்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

காபித் தூள்

சிக்கரி கலக்காத தூள் 100 கிராம். கடையில் கேட்டால் பழக்கதோஷத்தில் ஃபில்டர் பதத்துக்கு அரைத்துவிடுவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சம்பா ரவையைவிடக் கரகரப்பாக, கிட்டத்தட்ட கல் உப்பைப் பொடித்த மாதிரி. முதல் தடவை நான் வீட்டில் இருந்த ஃபில்டர் தூளையே ஊறப்போட்டேன். வடிகட்டவே ஒரு மணி நேரம் ஆனது, கடைசியில் கிடைத்தது சேற்றுத் தண்ணீர்.

ஊறல்

அகலவாய் பாட்டிலில் தூளைப் போட்டு, 700 மி.லி. குடிநீரைச் சூடாக்காமலே ஊற்றுங்கள். தூள் மேலே மிதக்கும், கரண்டியால் ஒருமுறை அமுக்கிவிட்டால் போதும். மூடி ஃபிரிட்ஜில் 16 முதல் 18 மணி நேரம். மாலை ஆறு மணிக்குப் போட்டால் மறுநாள் மதியத்துக்குள் தயார். வெளியே வைத்தால் 12 மணி நேரத்தில் இறங்கிவிடும் என்றாலும், நம் ஊர் வெயிலுக்கு ஃபிரிட்ஜ்தான் நல்லது. சூடு படாததால் கசப்பும் புளிப்பும் குறைவாகவே இறங்கும்.

வடிகட்டல்

பொறுமை வேண்டிய இடம் இது. முதலில் டீ வடிகட்டி. பிறகு ஈரமாக்கிப் பிழிந்த மெல்லிய வேட்டித் துணியை இரண்டாக மடித்து இன்னொரு முறை. முடிந்தால் காபி வடிதாளில் மூன்றாவது முறையும். காபி வடியும்போது துணியைப் பிழியாதீர்கள், கசடு இறங்கிவிடும். இவ்வளவு வற்புறுத்தக் காரணம் ருசி மட்டுமல்ல. துகள் போய் சைஃபனின் வால்வை அடைத்தால் உள்ளே இருக்கிற அழுத்தம் வெளியேற வழியில்லாமல் நின்றுவிடும். தூள் குடித்தது போக 500 மி.லி. அளவுக்குக் கிடைக்கும். டிக்காஷனைவிட இளசாக, சாதாரணக் கறுப்புக் காபியைவிடத் திடமாக இருந்தால் சரி. சர்க்கரை வேண்டுமென்றால் பாகாக்கி இப்போதே கலந்துவிடுங்கள். முதல் தடவை சர்க்கரையும் பாலும் இல்லாமலே குடித்துப் பாருங்கள், நுரையே ஒரு இனிப்பு மயக்கம் கொடுக்கும்.

எந்தக் கேஸ்?

சைஃபனில் திருகிக் கேஸ் ஏற்றுகிற குட்டிக் குப்பிகள் மூன்று வகை, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சோடா போடுகிற கார்பன் டை ஆக்ஸைடு குப்பி வேண்டவே வேண்டாம். அவசரத்தில் அதைப் போட்டு ஒருமுறை குடித்தேன், கெட்டுப்போன கோலா மாதிரி புளித்தது. அந்தக் கேஸ் தண்ணீரில் அமிலமாகிவிடும்.

க்ரீமுக்கான நைட்ரஸ் ஆக்ஸைடு குப்பியில் 8 கிராம் இருக்கும். அது ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் ஒன்றரை கிராம் கரையும், நுரை பெரிதாக, கொஞ்சம் இனிப்பாக வரும். சுத்த நைட்ரஜனோ சுமார் 0.02 கிராம்தான் கரையும். அதனால்தான் வெளியே வந்ததும் பொடிப்பொடிக் குமிழியாகப் பிரிந்து பட்டுப்போல நிற்கிறது. உண்மையான நைட்ரோ இதுதான். ஆனால் நைட்ரஜன் குப்பியை உங்கள் சைஃபன் ஏற்குமா, எத்தனை போடலாம் என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டே போடுங்கள். உணவுத் தரக் குப்பி மட்டுமே. எந்தக் கேஸையும் முகரக் கூடாது.

ஏற்றுவதும் ஊற்றுவதும்

சைஃபன், காபி, கிளாஸ் மூன்றும் ஃபிரிட்ஜில் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த நீரில்தான் கேஸ் கூடுதலாகத் தங்கும். காபியை 400 மி.லி. அளவுக்கு ஊற்றுங்கள், உள்ளே இருக்கும் அளவுக்கோட்டைத் தாண்டாமல். தலையை இறுக்கி, குப்பியைத் திருகுங்கள். உஸ் என்ற சத்தம் அடங்கியதும் அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் படுக்க வையுங்கள்.

எடுத்து மறுபடி நாலு குலுக்கு. சைஃபனை முழுக்கத் தலைகீழாகப் பிடித்து, கிளாஸ் சுவரை ஒட்டி லீவரை மெல்ல அழுத்துங்கள். நிமிர்த்திப் பிடித்தால் காபி வராது, கேஸ்தான் வீணாகும். ஐஸ் போடாதீர்கள், நுரை உடைந்துவிடும்.

திறக்கும் முன் சைஃபனை நிமிர்த்தி, சத்தம் முழுக்க நிற்கும்வரை லீவரை அழுத்தி மிச்சக் கேஸை வெளியேற்றுங்கள். அதன்பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். வால்வைக் கழற்றிப் பிரஷ்ஷால் கழுவுங்கள், காபி எண்ணெய் ஒட்டிக்கொண்டால் அடுத்த தடவை சிக்கு வாடை வரும். வடித்த காபி மீதமிருந்தால் ஃபிரிட்ஜில் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.