இரட்டை வெபர் கார்புரேட்டர்: ட்யூனிங்கும் கோளாறுகளும்

கார்புரேட்டரைத் தொடும் முன் வால்வு கிளியரன்ஸ், இக்னிஷன் டைமிங், பெட்ரோல் அழுத்தம் மூன்றையும் சரிபாருங்கள். வெபரின் டிசிஓஇ (பக்கவாட்டில் பொருத்தும் இரட்டை வாய்) வகைக்கு 3 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) போதும்; கூடினால் நீடில் வால்வு (பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி) மூடாமல் பெட்ரோல் வழியும். கார்புரேட்டர் கோளாறு என்று நினைப்பதில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

என்ஜின் நன்றாகச் சூடானதும் இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் லிங்க்கேஜை (ஆக்சிலரேட்டர் கம்பி இணைப்பு) கழற்றுங்கள். அது இறுக்கமாக இருந்தால் எந்த அளவீடும் பொய்தான். சிங்க்ரோமீட்டரை (காற்றோட்டத்தை அளக்கும் கருவி) ஒவ்வொரு வாயிலும் வைத்து, ஐடில் ஸ்க்ரூவால் (ஐடில் வேகத்தைச் சரிசெய்யும் திருகு) காற்றோட்டத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு மிக்ஸ்சர் ஸ்க்ரூக்களை (ஐடிலில் பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் திருகுகள்) கால் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு சிலிண்டரிலும் என்ஜின் வேகம் உச்சமாகும் இடத்தில் நிறுத்துங்கள். இந்த ஸ்க்ரூவை உள்ளே மூடும்போது அழுத்தி இறுக்கினால் அதன் ஊசிமுனை கெடும்.

மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருப்பியும் ஒரு சிலிண்டரில் மட்டும் மாற்றம் தெரியவில்லையா? பெரும்பாலும் ஐடில் ஜெட்டில் (ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் சிறு துளை) அடைப்பு. கார்புரேட்டர் வாய் வழியே ‘படார்’ என்று வெடித்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது மேனிஃபோல்ட் (கார்புரேட்டரை என்ஜினுடன் இணைக்கும் குழாய்) கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு. பிளக்கில் கரி படிந்தால் பெட்ரோல் அதிகம். கடைசியில் லிங்க்கேஜை மாட்டி, 2000 ஆர்பிஎம்மில் மறுபடி அளந்து பாருங்கள்.